செவிநரம்புக் கட்டி நோயாளர் ஆதரவுக் குழுக்கள்

அகூஸ்டிக் நியூரோமா எனப்படும் செவிநரம்புக் கட்டி வந்தவர்களும் அவர்கள் வீட்டாரும் தத்தம் வட்டாரத்தில் கூடிப் பேசும் குழுக்கள் இவை. அமெரிக்காவில் 1980களில் அமைப்பு வடிவம் பெற்றன. இக்கட்டி புற்றுநோய் அன்று. உட்காதிலிருந்து மூளைக்குச் செல்லும் சமநிலை நரம்பின் உறையில் மெல்ல வளர்வது. ஆண்டுக்கு லட்சத்தில் ஓரிருவருக்கே வருவதால், ஒரு நோயாளி தன்னைப் போன்ற இன்னொருவரைத் தற்செயலாகச் சந்திப்பது அரிது.

1777இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் உடற்கூறியலாளர் எடுவார்ட் சாண்டிஃபோர்ட் பிணப் பரிசோதனை ஒன்றில் இக்கட்டியைக் கண்டு எழுதினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட அறுவைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் மீளவில்லை. அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் இறப்பை வெகுவாகக் குறைத்தார். 1917இல் அவர் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவரிடம் பயின்ற வால்டர் டேண்டி கட்டியை முழுதாக எடுத்துக் காட்டினார். 1960களில் லாஸ் ஏஞ்சலிஸின் காது மருத்துவர் வில்லியம் ஹவுஸ், நுண்ணோக்கியின் துணையோடு காதெலும்பு வழியே சென்று முகநரம்பைக் காக்கும் முறையை வளர்த்தார். பிழைத்தவர்கள் பெருகிய பிறகுதான், பிழைத்தபின் எப்படி வாழ்வது என்ற கேள்வியும் பிறந்தது.

அதற்கு மருத்துவரிடம் விடை குறைவு. கட்டி போய்விட்டது என்பதோடு அவர் வேலை முடியும். நோயாளிகளில் பலருக்கோ ஒரு காது கேட்காது. அதே காதில் ஓயாத இரைச்சல். இருட்டில் நடந்தால் தள்ளாட்டம். சிலருக்கு முகம் ஒருபக்கம் செயலிழந்து, கண் மூடாமல் வறண்டுபோகும். பொதுமக்களுக்குப் புரியும்படியான தகவல்கள் கிடைக்காத நிலையில், நோயாளியான வர்ஜீனியா ஃபிக்கல் எர் 1981இல் பென்சில்வேனியாவின் கார்லைல் நகரில் அகூஸ்டிக் நியூரோமா சங்கத்தைத் தொடங்கினார். நோயாளியே நோயாளிக்குத் துணை என்பது அதன் அடிப்படை. வட்டாரக் குழுக்கள் அதன் கிளைகளாகப் படர்ந்தன.

இக்கூட்டங்களில் பேசப்படுபவை பெரும்பாலும் சின்ன விஷயங்கள்: கேட்கும் காதைப் பேசுபவர் பக்கம் திருப்பி எந்த நாற்காலியில் உட்காருவது, இரவில் கண்ணுக்கு என்ன களிம்பு போடுவது, இரைச்சலான உணவகத்தில் எப்படிச் சமாளிப்பது. மருத்துவ நூல்கள் இவற்றைக் கவனிப்பதில்லை. வாழ்க்கை இவற்றில்தான் நடக்கிறது. வீட்டாருக்கும் இங்கே வேலை உண்டு. பார்வைக்கு நலமாக இருப்பவர் ஏன் இத்தனை சோர்கிறார், அழைத்தால் ஏன் வேறு திசையில் திரும்புகிறார் என்பதை மனைவியோ கணவனோ மற்றவர்கள் வாயிலாகக் கேட்கும்போதுதான் நம்புகிறார்கள்.

பின்னர் குழுக்களின் பணி மாறியது. ஸ்டாக்ஹோமில் 1969இலேயே காமா நைஃப் என்னும் கதிர்வீச்சுக் கருவி இக்கட்டிக்கு முதன்முறை பயன்பட்டிருந்தது. 1987இல் அக்கருவி அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகருக்கு வந்தது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பரவியதும் சிறு கட்டிகளும் அகப்பட்டன. அவற்றுள் பல ஆண்டுக்கணக்கில் வளராமலே இருப்பதும் தெரிந்தது. எனவே அறுவை, கதிர்வீச்சு, காத்திருந்து கண்காணித்தல் என மூன்று வழிகள். ஆறுதல் தேடி வந்தவர்களைவிட, முடிவெடுக்கத் திணறி வந்தவர்கள் அதிகமாயினர். பட்டறிவு இங்கே உதவும், திசைதிருப்பவும் செய்யும்: தனக்கு நன்றாக முடிந்த வழியையே எல்லாருக்கும் உகந்ததாகச் சொல்வது மனித இயல்பு. ஆகவே எந்த மருத்துவரையும் மருத்துவமனையையும் சிகிச்சையையும் சங்கம் பரிந்துரைப்பதில்லை. குழுக்களின் நம்பகத்தன்மைக்கு இந்த விதியே முதன்மைக் காரணம் எனலாம்.

பிரிட்டனில் இதே நோக்குடைய சங்கம் 1992இல் அமைந்தது. இருபுறமும் கட்டி தோன்றும், மரபுவழி வரக்கூடிய இரண்டாம் வகை நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் நோயாளருக்குத் தனி அமைப்புகள் செயல்படுகின்றன.