பட்டினியிலிருந்து தட்டுக்கு: நீரிழிவு உணவுமுறை கடந்து வந்த பாதை



நீரிழிவு இருப்பது உறுதியான அன்று, எதிரில் உட்கார்ந்திருப்பவர் மாத்திரையைப் பற்றி முதலில் கேட்பதில்லை.

"டாக்டர், அப்போ இனிமே நான் சோறே சாப்பிடக் கூடாதா?"

இதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி.

அடுத்த ஒரு மாதத்தில் பலர் இரண்டு அணியாகப் பிரிவதைப் பார்க்கிறேன். ஒரு அணி பயத்தில் பாதி நாள் பட்டினி கிடக்கும். ராத்திரி பசி தாங்காமல் கையில் கிடைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, "தப்புப் பண்ணிட்டேனே" என்று புழுங்கும். இன்னொரு அணி, "எதையும் திங்காம உயிரோட இருந்து என்ன பண்ண?" என்று டயட் சார்ட்டை மடித்து பீரோவுக்குள் வைத்துவிடும்.

ரெண்டுக்கும் காரணம் ஒன்றே. உணவுக் கட்டுப்பாடு என்றால் தண்டனை என்று நினைத்துக்கொள்வது.

அந்த நினைப்பு சும்மா வந்ததில்லை. ஒரு காலத்தில் அது உண்மையிலேயே தண்டனை மாதிரிதான் இருந்தது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால், உங்கள் கையில் இருக்கும் டயட் சார்ட்டை வேறு மாதிரி பார்ப்பீர்கள்.

வாங்க, 1797க்குப் போவோம்.

இங்கிலாந்தில் ஜான் ரோலோ என்று ஒரு ராணுவ மருத்துவர். அவரிடம் வந்த கேப்டன் மெரிடித் பருமனாக இருந்தவர், நீரிழிவு வந்து எடை குறைந்துகொண்டே போனவர். ரோலோ அவருக்குத் தானியத்தையும் காய்கறியையும் பெருமளவு நிறுத்தினார். இறைச்சி, கொழுப்பு, ரத்தத்தில் செய்த பண்டம் என்று கொடுத்தார். சிறுநீரில் சர்க்கரை குறைந்தது. அந்த அனுபவத்தை 1797இல் புத்தகமாக வெளியிட்டார்.

உணவை மாற்றினால் நீரிழிவு மாறும் என்பதை ஐரோப்பிய மருத்துவத்தில் பதிவு செய்த முக்கியமான புத்தகம் அது. ஆனால் கெட்டுப்போன வாடை அடிக்கும் கொழுப்பை எத்தனை நாளைக்கு ஒரு மனுஷன் சாப்பிட முடியும்? பெரும்பாலான நோயாளிகளால் முடியவில்லை.

அடுத்த பாடம் ஒரு போரிலிருந்து வந்தது.

1870இல் பிரஷ்யப் படை பாரிஸ் நகரத்தை முற்றுகையிட்டது. மாதக்கணக்கில் உணவுப் பஞ்சம். ரொட்டிக்கு ரேஷன். ஊரே பசியில் வாடியபோது, அப்போலினேர் பூஷார்டா என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். அவருடைய நீரிழிவு நோயாளிகள் சிலருக்குச் சிறுநீரில் சர்க்கரையே காணோம்!

எதைச் சாப்பிடுகிறோம் என்பதோடு எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதும் முக்கியம் என்று அவர் வலியுறுத்தினார். குறைவாகச் சாப்பிடுங்கள், உடல் உழைப்பு செய்யுங்கள் என்றார். இன்றைக்கு நாங்கள் சொல்வதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க.

நம் நாட்டுச் சரக சம்ஹிதை இந்த நோய்க்காரர்களை, பருமனாக இருப்பவர், மெலிந்து இருப்பவர் என்று இரண்டாகப் பிரித்தது. மெலிந்தவருக்கு ஊட்டம் கொடுக்க வேண்டும் என்றது. அதாவது எல்லோருக்கும் ஒரே உணவுமுறை சரிவராது. நியூயார்க்கில் நடந்ததைப் படிக்கும்போது இதை மனசில் வையுங்கள்.

1914 வாக்கில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலைய மருத்துவமனையில் ஃப்ரெடரிக் ஆலன் என்ற மருத்துவர் ஒரு சிகிச்சையைத் தொடங்கினார். அதன் பெயரே பட்டினிச் சிகிச்சை.

சிறுநீரில் சர்க்கரை நிற்கும் வரை பட்டினி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உணவு. மறுபடி சர்க்கரை தெரிந்தால் மறுபடி பட்டினி. ஒவ்வொரு கவளமும் தராசில் நிறுத்துத்தான் வரும்.

ஆலனைக் கொடுமைக்காரர் என்று நினைக்காதீங்க. அன்று இன்சுலின் கிடையாது. இப்போது டைப் 1 என்று நாம் சொல்லும் நீரிழிவு ஒரு குழந்தைக்கு வந்தால் மாதங்களில், மிஞ்சினால் ஓரிரு வருடங்களில் மரணம். பட்டினி போட்டால் அந்த மரணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். அவர் கையில் இருந்தது அது ஒன்றுதான்.

1919இல் ஆலன் தன்னுடைய 76 நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டார். அதில் 12 வயதுச் சிறுவன் ஒருவன். கண் பார்வை போய்விட்டது. கண்காணிப்பில் இருந்தும் சிறுநீரில் சர்க்கரை வந்துகொண்டே இருந்தது. எப்படி என்று தேடினார்கள்.

அந்தப் பையன் பற்பசையைத் தின்றிருந்தான். ஆசையாகக் கேட்டு வாங்கிய கூண்டுக் குருவியின் தீனியைத் தின்றிருந்தான்.

கடைசியில் பட்டினியால் இறந்துபோனான்.

ஒரு குழந்தையின் பசியை "ஒழுங்கு மீறல்" என்று பார்த்த காலம் அது. "நேத்து சாப்பிட்டுட்டேன் டாக்டர்" என்று நோயாளி தலைகுனியும்போதெல்லாம் எனக்கு இந்தப் பையன் ஞாபகம்தான் வரும்.

இன்னொரு குழந்தை, எலிசபெத் ஹியூஸ். அமெரிக்க அரசியல் தலைவர் சார்ல்ஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள். 1919இல், 11 வயதில் நீரிழிவு. ஆலனிடம் சிகிச்சை. மூன்று வருடம் அளந்து அளந்து சாப்பிட்டாள். 1922 ஆகஸ்டில் அவளுக்குக் கிட்டத்தட்ட 15 வயது. எடை சுமார் 20 கிலோ.

அதே ஆண்டு ஜனவரியில் கனடாவின் டொராண்டோவில், லெனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடப்பட்டிருந்தது. எலிசபெத்தையும் டொராண்டோவுக்குக் கூட்டிப்போனார்கள். பேண்டிங் இன்சுலினைத் தொடங்கினார். அவள் ரொட்டியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டாள். எடை ஏறியது. பிறகு படித்து, திருமணம் செய்து, பிள்ளைகள் பெற்று, 1981 வரை வாழ்ந்தார்.

அந்தப் பட்டினிதான் அவளை இன்சுலின் வரும்வரை உயிரோடு வைத்திருந்தது. நிறையக் குழந்தைகளுக்கு அந்த நாள் வரவே இல்லை.

சரி, இன்சுலின் வந்துவிட்டது. இனி இஷ்டத்துக்குச் சாப்பிடலாமா?

இந்தக் கேள்விக்குச் சமையலறையில் வைத்துப் பதில் கண்டுபிடித்தவர், தானே நீரிழிவு நோயாளியான ஒரு மருத்துவர். லண்டனின் ஆர்.டி. லாரன்ஸ்.

அறுவைசிகிச்சை பழகும்போது எலும்புச் சில்லு கண்ணில் பட்டுத் தொற்று வந்தது. அப்போது பரிசோதித்ததில் நீரிழிவு தெரிந்தது. வீட்டாருக்குப் பாரமாக இருக்காமல் வெளியூரில் செத்துப்போகலாம் என்று இத்தாலியின் ஃபிளாரன்ஸுக்குப் போய்விட்டார். 1923இல் லண்டன் நண்பரிடமிருந்து தகவல் வந்தது: இன்சுலின் கிடைத்துவிட்டது, வேலை செய்கிறது, உடனே வா. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பினார். பிழைத்தார்.

நோயின் அவஸ்தை தெரிந்தவர் இல்லையா? உணவை இரண்டு பங்காகப் பிரித்தார். கறுப்புப் பங்கில் 10 கிராம் மாவுச்சத்து. சிவப்புப் பங்கில் 7.5 கிராம் புரதமும் 9 கிராம் கொழுப்பும். எந்த உணவு எவ்வளவு எடுத்தால் ஒரு பங்கு என்று பட்டியல் போட்டுக் கொடுத்தார். "உனக்கு ஒரு நாளைக்கு இத்தனை பங்கு. எதை வைத்து நிரப்புவது என்பது உன் இஷ்டம்."

பாருங்க, அதிகாரம் மருத்துவர் கையிலிருந்து நோயாளியின் தட்டுக்கு வந்துவிட்டது.

1950இல் அமெரிக்காவில் நீரிழிவுச் சங்கம், உணவியலாளர் சங்கம், அரசு சுகாதாரத்துறை மூன்றும் சேர்ந்து இதேபோன்ற மாற்று உணவுப் பட்டியலைக் கொண்டுவந்தன. ஒரு துண்டு பிரெட் வேண்டாமா, பதிலுக்கு ஒரு சின்ன உருளைக்கிழங்கு. 1970களில் ஸ்வீடனில் தராசும் வேண்டாம் என்று தட்டையே பங்கு பிரித்துக் காட்டினார்கள். 1981இல் அதே டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு, ஒரே அளவு மாவுச்சத்து இருந்தாலும் ஒவ்வொரு உணவும் ரத்த சர்க்கரையை ஒவ்வொரு விதமாக ஏற்றுகிறது என்று அளந்து காட்டியது. கிளைசீமிக் இண்டெக்ஸ் என்று நீங்கள் கேள்விப்படுவது அதுதான்.

இதற்கிடையில் 1936இல் லண்டனில் ஹரோல்ட் ஹிம்ஸ்வொர்த், இன்சுலினுக்கு உடல் காட்டும் பதிலை வைத்து, நீரிழிவு இரண்டு வகை என்று விளக்கினார். பூஷார்டாவின் சில நோயாளிகளுக்குப் பஞ்சம் நன்மை செய்ததும், ஆலனின் குழந்தைகள் பட்டினியில் கருகியதும் இப்போது புரிகிறதா? பெயர் ஒன்று, நோய் இரண்டு.

2017இல் பிரிட்டனில் ஓர் ஆய்வு வந்தது. டைப் 2 வந்து 6 வருடத்துக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள். மருத்துவக் கண்காணிப்பில் 3 முதல் 5 மாதம், நாளுக்குச் சுமார் 850 கலோரிக்குள் கொடுத்து எடையைக் குறைத்தார்கள். ஒரு வருடம் கழித்து அவர்களில் 46 சதவீதம் பேர் மருந்தே இல்லாமல் நீரிழிவு அளவுக்குக் கீழே இருந்தார்கள். பாரிஸ் முற்றுகையில் பூஷார்டா பார்த்தது, 147 வருடம் கழித்து முறைப்படி நிரூபணமானது.

உடனே நாளையிலிருந்து பட்டினி கிடக்காதீங்க. அது கண்காணிப்போடு நடந்தது. நீங்கள் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துபோகலாம். டைப் 1 என்றால் இன்சுலினை ஒருநாளும் நிறுத்தக் கூடாது.

சரி, இன்று மதியம் என்ன செய்யலாம்?

தட்டில் பாதி காய்கறி, கீரை. உருளைக்கிழங்கும் மரவள்ளியும் அந்தக் கணக்கில் வராது.

கால்வாசி புரதம். மீன், முட்டை, கோழி, சுண்டல், பன்னீர், எது கட்டுப்படியாகிறதோ அது.

மீதிக் கால்வாசி சோறு. வீட்டில் ஒரு கப்பை எடுத்து அளவுக்கென்றே வையுங்கள். ஒரு கப் சோற்றில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து. சப்பாத்தியோ ராகிக்களியோ சாப்பிட்டால் அந்த இடத்தில் அது. சோற்றுக்கு மேல் கூடுதலாக இல்லை.

முதலில் காய், புரதம், கடைசியில் சோறு. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து சர்க்கரையைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வாருங்கள். அதைப் பார்த்து உங்கள் அளவை நாம் இரண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணலாம்.

"சோறே கூடாதா?" என்று கேட்டீங்களே. ஒரு கப். அளந்து. நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

ஒருநாள் அளவு கூடிப்போனால் ஒளிக்காமல் வந்து சொல்லுங்கள். குருவித் தீனியைத் திருடித் தின்ற அந்தப் பையனுக்கு அதைச் சொல்லிக் கேட்க ஆள் இல்லை. உங்களுக்கு நாங்கள் இருக்கிறோம்.