ஒரு வாக்கின் பொறுப்பு

தீங்கைச் செய்தவன் மட்டுந்தானா அதற்குப் பொறுப்பாளி? அதனைக் கண்டும் வாளாவிருந்தவனுக்கும் அதில் பங்கு உண்டா? இவ்வினா அறநூல்களுக்கு மட்டும் உரியதன்று. திருவனந்தபுரம் நகரத்தின் முன் அது ஒரு காலத்தில் நேராகவே வந்து நின்றது.

திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த வைக்கத்தில், சிவன் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் ஈழவர், புலையர் முதலியோர் நடக்கலாகாது என்பது பழைய கட்டு. 1924 மார்ச் 30-ஆம் நாள் அதனை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. டி. கே. மாதவன் முதலியோர் சிறை புகுந்தனர். ஈரோட்டிலிருந்து சென்ற பெரியார் இருமுறை சிறைப்பட்டார்.

மேல்சாதியினரின் மனம் புண்படும் என்பது தடைக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அவ்வாண்டு நவம்பரில் மேல்சாதியினரே அதற்கு விடை கூறினர். மன்னத்து பத்மநாபன் தலைமையில் வைக்கத்திலிருந்து ஓர் அணி தலைநகருக்கு நடந்து வந்தது. தெற்கே கோட்டாற்றிலிருந்து டாக்டர் எம். இ. நாயுடு தலைமையில் மற்றோர் அணி வந்து சேர்ந்தது. அவர்களுக்கு அவ்வீதிகள் என்றும் மூடப்பட்டதில்லை. எனினும், தம் பெயரால் நிகழும் அநீதிக்குத் தாமும் பொறுப்பு என்று உணர்ந்து, பல்லாயிரவர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை ரீஜண்ட் மகாராணி சேது லட்சுமி பாயியிடம் அளித்தனர்.

1925 பிப்ரவரியில், வீதிகளைத் திறக்கக் கோரும் தீர்மானம் சட்டசபையில் 22-க்கு 21 என்ற கணக்கில் தோற்றது. கூட்டத்தில் ஒருவன் தன் செயலைச் சிறிதென்று எண்ணுதல் எளிது. ஆனால் அந்த இருபத்திருவருள் எவரேனும் ஒருவர் மாறியிருப்பினும் தீர்மானம் வென்றிருக்கும். ஆகவே ஒவ்வொருவரும் முழுப் பொறுப்பையே சுமந்தனர்.

மறுமாதம் காந்தியடிகள் வைக்கம் வந்து, தடையை ஆதரித்த நம்பூதிரியின் இல்லத்துக்கே சென்று வாதித்தார். அவர்கள் முன்வினையால் துன்புறுகின்றனர் என்றனர் எதிர்த்தரப்பினர். அவ்வாறாயினும், தண்டிக்கும் உரிமையை நமக்கு அளித்தவர் யார் என்பது அடிகளின் வாதம். வினைப்பயன் பிறருடையதாகலாம், வழியை மறிக்கும் கை நம்முடையது அன்றோ?

அவ்வாண்டின் இறுதியில் கோயிலின் மூன்று புற வீதிகள் திறந்தன. கிழக்கு வீதி எஞ்சியது. 1936 நவம்பர் 12-ஆம் நாள் மன்னர் சித்திரைத் திருநாள், அரசாங்கக் கோயில்களையே இந்துக்கள் அனைவருக்கும் திறந்துவிட்டார்.

அரசர் கையொப்பத்தை வரலாறு போற்றுகிறது. அதனோடு, தமக்கெனக் குறை ஏதுமின்றியும் தலைநகர் நோக்கி நடந்தவர்களையும் நாம் நினைவிற்கொள்ளல் வேண்டும்.