தில்லி நினைவிடங்களில் அடிமை வரலாறு

தில்லியின் தென்மேற்கே துவாரகா துணைநகரின் பன்னிரண்டாம் பிரிவில் படிக்கிணறு ஒன்று உள்ளது. லோடிச் சுல்தான்கள் காலத்தது எனக் கூறப்பெறும் இக்கிணற்றைக் காணவருவோர்க்கு அரசமரபின் பெயர் சொல்லப்படுகிறது. மண் தோண்டியவரும் கல் சுமந்தவரும் பேசப்படுவதில்லை. இஃது இவ்வொரு கிணற்றுக்கு மட்டும் உரிய குறை அன்று. தில்லி நினைவிடங்களில் உழைத்தோர் வரலாறு, சிறப்பாக அடிமைகளின் வரலாறு, கட்டுவித்தோர் பெயருக்குப் பின்னே மறைந்து நிற்கிறது.

‘அடிமை’ என்னும் சொல் அங்கு வழங்கவில்லை என்பதற்கில்லை. குதுப் வளாகத்தில் அச்சொல் அரசர்களைக் குறிக்கவே வழங்குகிறது. 1206 முதல் 1290 வரை ஆண்டோரைப் பாடநூல்கள் ‘அடிமை வம்சம்’ என்றே எழுதிவந்தன. குத்புதீன் ஐபக், இல்துத்மிஷ், பால்பன் ஆகிய மூவரும் விலைக்கு வாங்கப்பட்டவர்களே. ஆயினும் படைத்தொழிலால் உயர்ந்த இவர்தம் கதை, அடிமைநிலை அரியணைக்கு ஒரு படி என்னும் எண்ணத்தையே காண்போரிடம் தோற்றுவிக்கிறது. சந்தையில் விற்கப்பட்டோர் நிலை வேறு. அலாவுதீன் கில்ஜி (1296–1316) காலத்து விலைகளைப் பரணி குறித்துள்ளார்: வேலைக்காரப் பெண்ணுக்கு 5 முதல் 12 தங்கா, முதல்தரக் குதிரைக்கு 100 முதல் 120 தங்கா.

ஹவுஸ் காஸில் துயிலும் பிரோஸ் ஷா துக்ளக் (1351–1388), மதரசா கட்டியவர், கால்வாய் வெட்டியவர், அசோகர் தூணைக் கோட்லாவுக்குக் கொணர்ந்தவர் எனப் போற்றப்படுகிறார். அவருடைய அடிமைகள் 1,80,000 பேர் என்றும், அவர்களுள் 12,000 பேர் கைவினைஞராயினர் என்றும், அவர்களுக்கெனத் தனித்துறை இயங்கிற்று என்றும் அபீப் எழுதுகிறார். எண் மிகையாகலாம், தனித்துறை வேண்டியிருந்தமை தொகையின் பெருக்கத்தைக் காட்டும்.

சுல்தான் இறந்தபின் நேர்ந்தது இதனினும் கொடிது. அரியணைப் போரில் இவ்வடிமைகளும் கலந்துகொண்டனர். இறுதியில் வென்ற முகம்மது ஷா, அவர்கள் மூன்று நாளில் நகரை விட்டு நீங்க ஆணையிட்டார். நீங்காதோர் தம்மை இவ்வூர்க் குடிகள் என்றனர். சில சொற்களை ஒலிக்கச் செய்து, கிழக்கு நாட்டாரையும் வங்காளத்தாரையும் போல ஒலித்தோரைக் கொன்றனர் என்கிறார் யாஹ்யா சிர்ஹிந்தி. மொழியாராய்ச்சியாளர் அறியவேண்டிய செய்தி இது.

இவை யாவும் பாரசீக நூல்களில் உள்ளன. தமிழகத்திலோ கல்லிலேயே சான்று உண்டு. பஞ்சக் கொடுமையால் வேளாளர் ஒருவர் தம்மையும் தம் மகளிர் இருவரையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றதைத் திருப்பாம்புரத்து 1201ஆம் ஆண்டுக் கல்வெட்டு தெரிவிக்கிறது. வழிபட வருவோர்க்கு அதனைப் படித்துச் சொல்வார் அரியர்.

அமெரிக்காவின் லூயிசியானாவில் 2014இல் காட்சியகமாகத் திறக்கப்பட்ட விட்னி தோட்டம், மாளிகையை முதன்மைப்படுத்தாது அடிமைகளின் பெயர்களைச் சுவரில் பொறித்துள்ளது. தில்லியில் அத்தகு பெயர்ப்பட்டியல் இல்லை. எண்ணும் விலையும் நாவொலியும் உள. அவற்றை ஹவுஸ் காஸ் கல்லறை வாயிலில் ஒரு பலகையில் எழுதுதல் பெருஞ்செலவுடைய பணி அன்று.