தோற்றவர் பெயர்

உங்களை ஒருவர் துவைத்து எடுத்துவிட்டார் என்று வையுங்கள். திருப்பிக் கொடுக்க எத்தனை வருஷம் காத்திருப்பீர்கள்?

ஃபிராங்க் மார்ஷல் ஒன்பது வருஷம் காத்திருந்தார் என்று செஸ் உலகில் ஒரு கதை உண்டு. 1909ல் கியூபாவிலிருந்து வந்த இருபது வயசுப் பையன் காபாபிளாங்கா, அமெரிக்காவின் பெரிய ஆட்டக்காரரான அவரை ஒரு போட்டித் தொடரில் நொறுக்கினார். 8 வெற்றி, 1 தோல்வி, 14 டிரா. அன்றிலிருந்து அவருக்கென்றே ஒரு ஆயுதத்தைத் தயார் செய்து பூட்டி வைத்தாராம் மார்ஷல்.

1918 அக்டோபர் 23, நியூயார்க். மன்ஹாட்டன் செஸ் கிளப் நடத்திய போட்டி. காபாபிளாங்காவுக்கு வெள்ளை. பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானியப் பாதிரியார் ரூய் லோபஸின் பெயரில் வழங்கும் தொடக்கம். எட்டாவது நகர்த்தலில் மார்ஷல், ராணிக்கு முன்னாலிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். அதாவது, 'ஒரு சிப்பாயை இனாமாக எடுத்துக்கொள், பதிலுக்கு உன் ராஜாவை நான் தாக்குகிறேன்!'

எதிராளி வீட்டில் உட்கார்ந்து தயாரித்த பொறி என்று காபாபிளாங்காவுக்குப் புரிந்துவிட்டது. ஒதுங்கியிருக்கலாம். ஆனால் தன் திறமைக்கே சவால் விடுகிறார்களே என்று தோன்றியதாகப் பின்னால் எழுதினார். எடுத்தார். அடுத்து மார்ஷல் ஒரு குதிரையை நீட்டினார். அதை மட்டும் அவர் தொடவில்லை. வெள்ளை ராஜா மூலையிலிருந்து நடுப்பலகை வழியாக நாலு அடி நடந்தே தப்பித்தது. 36 நகர்த்தல்களில் வெற்றி, காபாபிளாங்காவுக்குத்தான்!

இன்னொரு விஷயம். மார்ஷல் இதே தாக்குதலை 1917லேயே வேறொருவரிடம் ஆடியிருக்கிறார். ஆக, பூட்டு கொஞ்சம் திறந்துதான் இருந்திருக்கிறது.

அத்தோடு முடிந்ததா என்றால், இல்லை. பதினோராவது நகர்த்தலில் குதிரையைப் பின்னுக்கு இழுக்காமல், பக்கத்தில் ஒரு சிப்பாயை வைத்துத் தாங்கினால் போதும் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். ஆயுதம் மறுபடி உயிர் பெற்றது. 1965ல் டாலுக்கு எதிராக ஸ்பாஸ்கி இதைத்தான் நம்பினார். 1993 உலக சாம்பியன் போட்டியின் முதல் ஆட்டத்தில் ஷார்ட், அந்தப் பக்கமே போகாமல் ஓரத்துச் சிப்பாயைத் தள்ளி ஒதுங்கிக்கொண்டார்.

அந்தத் தொடக்கத்தின் பெயர் இன்றைக்கும் 'மார்ஷல் தாக்குதல்'. அன்றைக்கு ஜெயித்தவர் பெயரில் இல்லை, கவனித்தீர்களா?