மன்னருக்குக் கொடுத்த வாக்கு

தன்னாட்சி எண்டவுடன் எங்களுக்கு ஞாபகம் வருவது மாகாணமும் அதிகாரப் பரவலாக்கமும்தான். சொல்லின் பழைய பொருளும் அதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது: கிரேக்கர்கள் தன் சட்டத்தின்படி தானே நடக்கும் நகரத்தைத்தான் அப்படிச் சொன்னார்கள். அதைத் தனிமனிதருக்குள் கொண்டுவந்து அறத்தின் அடித்தளமாக்கியவர் இம்மானுவேல் கான்ட். நினைச்சதைச் செய்யிறது அல்ல அவர் சொன்ன தன்னாட்சி. எல்லாருக்கும் பொருந்தக்கூடிய விதியைத் தன் பகுத்தறிவால் தானே இயற்றி, அதற்குத் தானே கட்டுப்படுவது. இது 1785இல்.

அதற்கு முதல் வருசம்தான், சொந்த அறிவைப் பாவிக்கத் துணியுங்கோ எண்டு எழுதியிருந்தார். அந்தத் துணிவுக்குச் சோதனை 1794இல் வந்தது. சமயம் பற்றி எழுதினதுக்காகப் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரடெரிக் வில்லியமின் பெயரில் கண்டனக் கடிதம். எழுபது வயது மனுசன் பணிந்தார். மன்னரின் விசுவாசமான குடியாக, இனிச் சமயம் பற்றிப் பேசவோ எழுதவோ மாட்டேன் எண்டு பதில் போட்டார்.

1797இல் மன்னர் இறந்தார். அடுத்த வருசமே கான்ட் இரண்டு கடிதங்களையும் அச்சில் போட்டு, 'குடியாக' எண்ட சொல்லை யோசிச்சுத்தான் வைத்தேன், மன்னரோடு வாக்கும் முடிஞ்சுது எண்டார். எந்த நிலையிலும் பொய் கூடாது எண்டு வாதாடியவர்! எங்களில் பாதிப்பேர் இதைத் தந்திரம் எண்டோம், மற்றவர்கள் தப்பிப்பிழைத்தல் எண்டார்கள்.

எங்களை அதைவிட உறுத்தினது இன்னொன்று. பெண்களும் வீட்டு வேலையாட்களும் வாக்களிக்கும் குடிகள் ஆகமாட்டார்கள் எண்டு அவர் எழுதியதும் 1797இல்தான். மார்ட்டின் லாம்பே அப்போதும் அவர் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார்.