வாட் யுத்தம் – 7: சான்டா ஃபேயில் 48 மணி நேரம்

பாப் கார்வர் சவால் விட்டார். அந்த இடத்தில்தான் போன வாரம் உங்களை நிறுத்தி வைத்தேன்.

என்ன விலையாக இருந்தாலும் சரி, உங்களுக்குப் பிடித்த ஆம்ப்ளிஃபையர் ஒன்றைக் கொண்டு வாருங்கள். என் மலிவு ஆம்ப்பை அச்சு அசலாக அதைப் போலவே ஒலிக்க வைக்கிறேன் என்றார். பேச்சில் கொஞ்சம் திமிர் இருந்தது. கொஞ்சம் காயமும் இருந்தது.

காயம் ஏன் என்று உங்களுக்குத் தெரியும். சேனலுக்கு 350 வாட் கொட்டிய ஃபேஸ் லீனியர் 700 ஆம்ப் இவர் செய்ததுதான். ஏறக்குறைய ஏழு அங்குலக் கனசதுரப் பெட்டிக்குள் சேனலுக்கு 200 வாட்டை அடைத்ததும் இவர்தான். வாட்டுக்கு ஆசைப்பட்டவர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். ஆனால் உயர்தர ஆடியோ உலகின் பெரிய மனிதர்கள் மூக்கைச் சுளித்தார்கள். வாட் நிறைய இருக்கிறது, இசை எங்கே என்றார்கள்.

இயற்பியல் படித்தவருக்கு இது பொறுக்குமா? அவர் கணக்கில் ஆம்ப்புக்கு ஆன்மா, ஆவி எதுவும் கிடையாது. ஒரு சிக்னல் உள்ளே போகிறது, பெரிதாகி வெளியே வருகிறது. அந்த இரண்டுக்கும் உள்ள உறவை நகலெடுத்துவிட்டால் ஒலியையும் நகலெடுத்தாயிற்று.

ஏற்கெனவே ஒருமுறை செய்தும் காட்டியிருந்தார். 25 வாட் மட்டுமே தந்து, சும்மா இருக்கும்போதும் கொதித்துக் கொண்டிருந்த மார்க் லெவின்சன் எம்எல்-2 நினைவிருக்கிறதா? தி ஆடியோ கிரிட்டிக் பத்திரிகைக்காக அதன் ஒலியைத் தன் ஆம்ப்பில் கொண்டு வந்திருந்தார். ஆனால் அதுவும் டிரான்சிஸ்டர், இவருடையதும் டிரான்சிஸ்டர். தம்பிக்கு அண்ணன் சட்டை பொருந்தியதில் என்ன அதிசயம் என்றார்கள் எதிர்த்தரப்பார்.

இந்த முறை சவாலை ஏற்றது ஸ்டீரியோஃபைல் பத்திரிகை. களம் நியூ மெக்சிகோவின் சான்டா ஃபே. ஆண்டு 1985.

எதிரே வந்தது வால்வு.

ஸ்டீரியோஃபைலைத் தொடங்கிய ஜே. கார்டன் ஹோல்ட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பெரிய ஆடியோ பத்திரிகை ஒன்றில் வேலை பார்த்தவர். விளம்பரம் கொடுப்பவர்களின் சரக்கைக் குறை சொல்லி எழுத முடியாத எரிச்சலில் வெளியேறி, 1962இல் தனிப் பத்திரிகை ஆரம்பித்தார். மீட்டர் என்ன சொன்னாலும் காது சொல்வதை எழுது என்பதே அவருடைய கட்சி. அந்த மனிதரின் மொத்த மூலதனமும் இரண்டு காதுகள்தான். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவரிடமிருந்து பத்திரிகையை வாங்கியிருந்த லாரி ஆர்ச்சிபால்டும் கூடவே உட்கார்ந்தார்.

அவர்கள் தேர்ந்தெடுத்த வால்வு ஆம்ப்பின் பெயர் அப்போது ரகசியம். பிறகுதான் கான்ராட்-ஜான்சன் பிரீமியர் ஃபைவ் என்று தெரிந்தது. இடதுக்கு ஒரு பெட்டி, வலதுக்கு ஒரு பெட்டி. விலையோ கார்வரின் எம் 1.0 ஆம்ப்பைப் போலப் பல மடங்கு.

ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? அதுவும் 200 வாட். இவருடையதும் சேனலுக்கு 200 வாட். ஆறு வாரமாக நாம் எண்ணிக்கொண்டு வந்த வாட் இங்கே சமன். இனி வித்தியாசம் கேட்டால் பலத்தின் மேல் பழி போட முடியாது.

நிபந்தனைகள் கடுமை. 48 மணி நேரம். வால்வு ஆம்ப்பின் மூடியைக்கூடத் திறக்கக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே நகலெடுக்க வேண்டும்.

கார்வரிடம் ஓர் உபாயம் இருந்தது. இரண்டு ஆம்ப்புக்கும் ஒரே சிக்னலைக் கொடுத்தார். இரண்டும் வெளியே தருவதை ஒன்றுக்கு எதிராக ஒன்று தராசுத் தட்டுகளைப் போல நிறுத்தினார். இரண்டும் சரிசமமாக இருந்தால் நடுவில் மாட்டிய ஸ்பீக்கரில் சத்தமே வராது. வருகிற சத்தம் முழுக்க வித்தியாசம். அந்த வித்தியாசத்தைக் கொன்றுகொண்டே போவதுதான் வேலை.

சுலபமில்லை. வால்வு ஆம்ப்பின் குணத்தில் பாதி, அது ஸ்பீக்கரோடு சேரும் இடத்தில் பிறக்கிறது. ஸ்பீக்கர் மீது 8 ஓம் என்று அச்சிட்டிருப்பார்கள், நம்பாதீர்கள். ஒரு சுருதியில் நாலு ஓமாக இறங்கும், இன்னொன்றில் இருபதைத் தாண்டும். நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப் இதைச் சட்டை செய்யாது, அதன் வோல்ட்டேஜ் அசையாது. வால்வு ஆம்ப் அப்படியல்ல. அதன் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் வழியே கொஞ்சம் தடை எப்போதும் கூட வருகிறது. ஸ்பீக்கரின் ஓம் ஏறினால் வோல்ட்டேஜும் ஏறும், இறங்கினால் இறங்கும். சில சுருதிகள் ஒரு மாற்றுக் கூடுதலாகவும் சில குறைவாகவும் கேட்கும். இதமான ஒலி என்று ரசிகர்கள் உருகுவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

கார்வர் தன் ஆம்ப்பின் சாதுவான குணத்தைக் கெடுக்க ஆரம்பித்தார். இத்தனை வருடம் பாடுபட்டுக் குறைத்த தடையை அவரே கூட்டினார். அவரே ஒழித்த பிழைகளை அளந்து அளந்து உள்ளே விட்டார்.

நடுவில் இருந்த ஸ்பீக்கரின் சத்தம் மெலிந்தது. கேட்டுப் பாருங்கள் என்றார்.

ஹோல்ட்டும் ஆர்ச்சிபால்டும் கேட்டார்கள்.

வித்தியாசம் தெரிகிறது என்றார்கள்.

கார்வர் வாதாடவில்லை. மீட்டரைக் காட்டி அடம் பிடிக்கவில்லை. இந்த ஓர் இடத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். காது சொன்னதை ஒப்புக்கொண்டு மறுபடியும் வேலைக்குத் திரும்பினார்.

மணி ஓடியது.

கடைசியில் வித்தியாசம் 70 டெசிபல் கீழே போய்விட்டது. வோல்ட்டேஜ் கணக்கில் மூவாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மறுபடியும் அழைத்தார்.

அந்தக் கடைசிச் சோதனையை நினைத்துப் பாருங்கள். அவர்கள் பழகிய கருவிகள், அவர்கள் நன்கு அறிந்த இசை, அவர்களே தேர்ந்தெடுத்த எதிரி. இருவருமே கார்வர் தோற்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டார்கள். அதைப் பிறகு அவர்களே மறைக்காமல் எழுதினார்கள். ஆம்ப்பை மாற்றினார்கள். கேட்டார்கள். திரும்ப மாற்றினார்கள். எந்த இடத்தில் முன்பு வித்தியாசம் தெரிந்ததோ, அதே இடத்தைத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள்.

ஒன்றும் தெரியவில்லை.

இப்போது ஹோல்ட்டின் கையில் பேனா. காதை நம்பிப் பத்திரிகை நடத்துகிறவர், சில நூறு டாலர் ஆம்ப்பையும் ஆயிரக்கணக்கான டாலர் ஆம்ப்பையும் என் காதால் பிரித்தறிய முடியவில்லை என்று எழுதினால் என்ன ஆகும்? வாசகர்கள் கொதிப்பார்கள். விலை உயர்ந்த சரக்கு விற்பவர்கள் முகத்தைத் திருப்புவார்கள். இது என்னவோ சோதனை, சரியாக அமையவில்லை என்று நாலு வரியில் மழுப்பியிருக்கலாம்.

அவர் மழுப்பவில்லை. கார்வர் ஜெயித்தார் என்று அச்சிட்டார்.

என்னைக் கேட்டால் சான்டா ஃபேயின் வீரர் கார்வர் அல்ல, ஹோல்ட்.

கார்வர் அந்த வெற்றியை எம் 1.0டி என்று பெயரிட்டுக் கடைக்கு அனுப்பினார். அதை அதே பத்திரிகை மறுபடி சோதித்தது. கையால் இழைத்த மாதிரியில் கிடைத்த ஒற்றுமை தொழிற்சாலைச் சரக்கில் கிடைக்கவில்லை என்றது. சண்டை முற்றி நீதிமன்றம் வரை போனது. அந்தக் கூத்துக்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும்.

இன்றைக்கு நமக்கு வேண்டியது வேறு. வால்வின் மாயம் என்பது கொஞ்சம் தடை, கொஞ்சம் பிழை, அவ்வளவுதான் என்று வாட் கட்சிக்காரர்கள் மார்தட்டினார்கள். யுத்தம் முடிந்தது என்றே நினைத்தார்கள்.

கொஞ்சம் வாட்டே போதும் என்ற எளிய ஆம்ப் கட்சிக்காரர்கள் அதே முடிவைத் தலைகீழாகப் படித்தார்கள். காது விரும்புவது அந்தப் பிழையைத்தானா? அப்படியென்றால் எதற்கு 200 வாட்? ஒரே ஒரு வால்வு போதாதா?

சிரிக்காதீர்கள், கணக்கு அவர்கள் பக்கம் இருந்தது. ஒரு வாட்டுக்கு 86 டெசிபல் தரும் சின்னப் பெட்டி ஸ்பீக்கரையும், சுமார் 104 தரும் கிளிப்ஷ்ஹார்ன் என்ற ஸ்பீக்கரையும் பக்கத்தில் வையுங்கள். இடைவெளி 18 டெசிபல். கிளிப்ஷ்ஹார்னுக்கு 8 வாட் கொடுத்தால் வரும் சத்தத்தைச் சின்னப் பெட்டியிடம் வாங்க ஏறக்குறைய 500 வாட் கொட்ட வேண்டும்!

அந்த 8 வாட்டைத் தரும் வால்வும் இருந்தது. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் 300பி. சினிமா கொட்டகைகளுக்காக 1930களில் உழைத்த கிழட்டு வால்வு.

சரியாக இந்த நேரம் பார்த்து, 1988இல், அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள்.

அமெரிக்காவில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. ஆனால் பசிபிக் கடலுக்கு அப்பால் அந்த வால்வைப் பொன்னாகப் போற்றும் கூட்டம் ஒன்று இருந்தது. அவர்கள் நடுவே, செம்புக் கம்பி போதாது என்று டிரான்ஸ்ஃபார்மருக்கு வெள்ளிக் கம்பி சுற்றிக் கொண்டிருந்தார் ஒருவர். பெயர் ஹிரோயாசு கோண்டோ.

வெள்ளியைச் சுற்றி அவர் செய்த பெட்டி 30 வாட் கூடத் தராது. அதன் விலையைக் கேட்டு அமெரிக்கர்கள் ஏன் வாயடைத்துப் போனார்கள்?

(அடுத்த வாரம்)