டிரெய்லர் ஆட்டத்தை அடக்கிய கதை

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லப்படும் வீட்டு டிரெய்லர், வேகம் கூடும்போது வாலாட்டுவதுபோல் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். அமெரிக்க ஓட்டுநர்கள் இதை ‘ஸ்வே’ என்கிறார்கள். இரண்டையும் இணைக்கும் இரும்புக் குண்டு காரின் பின்அச்சுக்கு ஒரு மீட்டருக்கும் மேல் பின்னால், பம்பருக்கு அடியில் இருப்பதே இதற்கு மூலகாரணம். பக்கக்காற்றோ கடந்து போகும் லாரியோ டிரெய்லரைச் சற்றே தள்ளினால், அதன் மூக்கு காரின் வாலைத் தள்ளும். கார் திரும்பும், திரும்பிய கார் டிரெய்லரை மறுபக்கம் இழுக்கும். குறைந்த வேகத்தில் இந்த ஊசலாட்டம் இரண்டு மூன்று தடவையில் ஓய்ந்துவிடும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினாலோ, ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாகும். அதன் முடிவு பெரும்பாலும் சாலையோரப் பள்ளம்தான்.

இதற்குச் சரியான விடை மிக முன்பே கிடைத்திருந்தது என்பது இந்த வரலாற்றின் வியப்பு. விமான முன்னோடியான கிளென் கர்ட்டிஸ் 1928இல் ‘ஏரோகார்’ என்ற டிரெய்லரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதன் கழுத்து காரின் பின்பகுதிக்குள் நீண்டு, அங்கே படுக்கவைத்திருந்த காற்றடைத்த டயர் ஒன்றின் நடுவில் இறங்கி உட்கார்ந்தது. டயர் அதிர்ச்சியைத் தாங்கியது. அதைவிட முக்கியமாக, இணைப்பு பம்பருக்குப் பின்னால் இல்லாமல் பின்அச்சை ஒட்டி வந்துவிட்டது. டிரெய்லர் எவ்வளவு தள்ளினாலும் காரைத் திருப்ப அதற்கு நெம்புகோல் இல்லை. ஆனால் இதற்காகக் காரின் பின்பகுதியையே மாற்றிக் கட்ட வேண்டும். ஏரோகாரும் செல்வந்தர்களுக்கான வண்டி. கர்ட்டிஸ் 1930இல் இறந்தார்.

சாதாரண மக்கள் வேறு வழியில் போனார்கள். 1919இல் புளோரிடாவின் டாம்பா நகரில், டி சோட்டோ பூங்காவில், ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்ற பயணிகள் சங்கம் உருவாகியிருந்தது. வார நாள்களில் வேலைக்கு ஓட்டிய அதே காரில்தான் அவர்கள் விடுமுறைக்கும் கிளம்பினார்கள். டெட்ராய்ட்டில் ஆர்தர் ஷெர்மன் என்ற நுண்ணுயிரியலாளர் தொடங்கிய ‘கவர்ட் வேகன்’ நிறுவனம் 1936வாக்கில் அமெரிக்காவின் மிகப்பெரிய டிரெய்லர் தயாரிப்பாளராக இருந்தது. அதே ஆண்டு வாலி பையமின் ஏர்ஸ்ட்ரீம் ‘கிளிப்பர்’ வந்தது. எல்லாவற்றுக்கும் காரின் வாலில் ஒரு குண்டு போதும். எந்தக் காரிலும் மாட்டலாம், நொடியில் கழற்றலாம். அந்த வசதியோடு ஆட்டமும் சேர்ந்தே வந்தது. பின்வந்த கருவிகள் எல்லாமே அந்த வசதிக்காகக் கட்டிய வட்டி எனலாம்.

முதல் மருந்து பாரம் ஏற்றும் முறையில் இருந்தது. மாட்டுவண்டியில் மூட்டை அடுக்கியவர்கள் அறிந்த முன்பாரம், பின்பாரம் என்ற கணக்குதான் இங்கும். பின்பாரம் மிகுந்தால் வண்டியில் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு மேலே எழும்பும். டிரெய்லரிலோ மிகச் சிறிய தள்ளலும் ஆட்டமாக முற்றும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் குண்டின்மேல் இறங்க வேண்டும் என்பது அமெரிக்காவில் நிலைத்த விதி. சின்னக் கவனக்குறைவும் இதைக் குலைத்துவிடும். 40 காலன் தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் அதன் எடை 150 கிலோ. அந்தத் தொட்டி அச்சுக்குப் பின்னால் அமைந்த டிரெய்லரில், குழாயைத் திறந்து நிரப்பும் நேரத்திலேயே முன்பாரம் சரிந்துவிடும்.

முன்பாரத்துக்கும் ஒரு விலை உண்டு. குண்டின்மேல் 450 கிலோ இறங்குகிறது என்று கொள்வோம். காரின் இரு அச்சுகளுக்கும் இடையே 3 மீட்டர். குண்டு பின்அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் இருக்கிறது. முன்சக்கரங்கள் 225 கிலோவை இழக்கின்றன. பின்சக்கரங்களில் 675 கிலோ கூடுகிறது. கார் மூக்கைத் தூக்கி நிற்கும். ஹெட்லைட் ஒளி மரக்கிளைகளைத் தேடும். ஸ்டியரிங் கைக்குப் பிடி தராது.

இதற்குத்தான் 1950களில் ஸ்பிரிங் பார் ஹிட்ச் என்ற இணைப்புக் கருவி பரவியது. ஹிட்ச்சின் தலையிலிருந்து இரண்டு எஃகுக் கம்பிகள் டிரெய்லர் சட்டத்தின் இருபுறமும் பின்னோக்கி ஓடும். அவற்றின் நுனிகளைச் சங்கிலியால் மேலே இழுத்துக் கட்டினால், கம்பிகள் வில்லாக வளைந்து நெம்புகோலாக வேலை செய்யும். பின்அச்சில் குவிந்த பாரத்தில் ஒரு பங்கு காரின் முன்சக்கரங்களுக்கும், இன்னொரு பங்கு டிரெய்லரின் சக்கரங்களுக்கும் போய்ச் சேரும். எத்தனை சங்கிலிக் கண்ணிகளை விட்டுக் கட்டுகிறோம், ஹிட்ச் தலையை எவ்வளவு பின்சாய்க்கிறோம் என்பதுதான் சரிசெய்தல். அளவுகோல் ஒரு சாதாரண டேப். டிரெய்லரை மாட்டும் முன் முன்சக்கர வளைவின் உயரத்தைத் தரையிலிருந்து அளப்பார்கள், மாட்டியபின் அளப்பார்கள், கம்பிகளை முறுக்கியபின் மீண்டும் அளப்பார்கள். காரின் முன்னும் பின்னும் ஒரே அளவு தாழ வேண்டும் என்பதே பல பத்தாண்டுகள் சொல்லப்பட்ட பாடம்.

பாரம் சீரானாலும் ஆட்டம் முழுதாக அடங்கவில்லை. அடுத்து வந்தது உராய்வுக் கம்பி. டிரெய்லர் சட்டத்தின் பக்கவாட்டில், பெரிய குண்டின் மையத்திலிருந்து 24 அங்குலம் பின்னால், ஒரு சிறு குண்டு பொருத்தப்படும். ஹிட்ச் தலையின் பக்கத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு தட்டைக் கம்பி, பிரேக் கட்டை போன்ற இரு பட்டைகளுக்கு இடையில் உள்ளே போய் வெளியே வரும். டிரெய்லர் திரும்பினால் கம்பி நகர வேண்டும். பட்டைகள் அதை எளிதில் நகர விடாது. அதன் கைப்பிடியைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கைப்பிடி போடவும் எடுக்கவும் மட்டுமே; இறுக்கத்தைக் கூட்டிக் குறைப்பது அருகிலுள்ள போல்ட். பட்டையில் எண்ணெய் பட்டால் பிடி போய்விடும். வழுக்கும் சாலையில் இதைத் தளர்த்திவிட வேண்டும்; இல்லையேல் திருப்பத்தில் டிரெய்லர் நேராகவே தள்ள, பிடியில்லாத முன்சக்கரங்கள் திரும்பாமல் சறுக்கும். ரிவர்ஸ் எடுக்கும் முன் கழற்றி வைக்காவிட்டால் கம்பி வளையும். மிகையாக முறுக்கித் தப்பான பாரத்தை மறைப்பது, இக்கருவியைப் பயன்படுத்துவோர் செய்யும் மிக ஆபத்தான பிழை.

உராய்வு ஆட்டத்தைத் தாமதப்படுத்துமே தவிர, இணைப்பு இருக்கும் இடத்தை மாற்றாது. 1990களில் ஜிம் ஹென்ஸ்லி உருவாக்கிய ஹிட்ச் கர்ட்டிஸின் வழிக்கே திரும்பியது. குண்டு பம்பருக்குப் பின்னாலேயே இருக்கும். ஆனால் சாய்வாக அமைந்த இணைப்புக் கம்பிகள், டிரெய்லர் பின்அச்சுக்கு அருகிலிருந்து திரும்புவதுபோல் அதை இயங்க வைக்கும். காரை வெட்டாமலே ஏரோகாரின் பலன் கிடைத்தது. எடையும் விலையும் அதிகம் என்பதால் உராய்வுக் கம்பியை அது ஓரங்கட்டவில்லை.

ஐரோப்பாவில் கதை வேறு. அங்கே கார்கள் சிறியவை. பல கார்களில் குண்டின்மேல் 75 முதல் 100 கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது. பிரிட்டனில் முன்பாரத்துக்கு 5 முதல் 7 சதவீதமே பரிந்துரை. அந்தக் குறையை வேகக் கட்டுப்பாட்டால் ஈடுகட்டினார்கள்: ஜெர்மனியில் பொது வரம்பு 80 கிலோமீட்டர், 1998 முதல் தகுந்த கருவிகள் உள்ள வண்டிகளுக்கு 100. ஐரோப்பிய நிலைநிறுத்திகளில் உராய்வுப் பட்டைகள் குண்டையே கவ்விப் பிடிக்கும். ஆகவே அமெரிக்கர் கிரீஸ் தடவும் அதே குண்டை ஐரோப்பியர் கிரீஸும் பெயின்ட்டும் போகத் துடைத்து வைக்க வேண்டும்.

2000களில் மின்னணுவியல் வந்தது. கார் இடவலமாகத் திரும்பும் போக்கை உணரி அறிந்து, சக்கரங்களைத் தனித்தனியே பிரேக் பிடித்து ஆட்டத்தைத் தணிக்கிறது. அமெரிக்காவில் 2012 மாடல் முதல் எல்லா இலகுரகக் கார்களிலும் நிலைப்புக் கட்டுப்பாடு கட்டாயம். டிரெய்லர் ஆட்டத்துக்கான கூடுதல் வசதி கட்டாயமில்லை. அதுவும் ஆட்டம் தொடங்கிய பிறகே செயல்படும். ஓட்டுநரின் பழைய வழி இப்போதும் உண்டு: காரின் பிரேக்கை மிதிக்காமல், வேகமும் கூட்டாமல், டிரெய்லரின் மின்பிரேக்கை மட்டும் கையால் இயக்கினால், டிரெய்லர் பின்னுக்கு இழுபட்டு இரண்டும் ஒரே கோட்டில் நிமிரும்.

இழுதிறனை எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் அளக்க, 2008இல் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் ‘ஜே2807’ என்ற தரவிதியை வெளியிட்டது. அதை ஒட்டிய ஆண்டுகளில் டேப் அளவின் பழைய பாடமும் மாறியது. முன்பக்கத்தை மிகையாக அழுத்தினால் பின்டயர்களின் பங்கு குறைந்து, திருப்பத்தில் காரின் வால் வெளியே வீசுவது தெரிந்திருந்தது. முன்னும் பின்னும் சமமாகத் தாழ வேண்டும் என்பது போய், மாட்டும்போது முன்பக்கம் எழும்பிய உயரத்தில் பாதியை மீட்டால் போதும் என்று சில கையேடுகளும், முழுவதையும் மீட்க வேண்டும் என்று வேறு சிலவும் சொல்கின்றன. டிரெய்லர் இல்லாதபோது இருந்த உயரத்துக்குக் கீழே முன்பக்கம் இறங்கக்கூடாது என்பதில் அவை ஒன்றுபடுகின்றன.